சகல பாத்தியதைகளுடன் ஒரு பாக்கார்டு

ஆதிலிங்கம் முதலாளி தன்னுடைய பாக்கார்டு காரை நற்கரை அநாதை இல்லத்துக்குத் தாரை வார்த்துக் கொடுத்த தை மாதம் பதினோராம் தேதி காலையில், காருக்குள் உட்கார்ந்திருந்த டிரைவர் பலவேசமும் காரோடு சேர்ந்து தானமாகப் போய்விட்டார். தூத்துக்குடியில் இதற்கு முன்னால் இப்படி நடந்ததே இல்லை என்று இன்றைக்கும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நடந்திருக்கும், போனது டிரைவர்தானே என்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

அது சாதாரணக் கார் இல்லை. முதலாளியின் அப்பா கொழும்பில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் வாங்கித் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்த அமெரிக்கக் கார், நாற்பத்தெட்டாம் வருஷத்து மாடல், கறுப்பு நிறம், மூக்கின் மேல் கொக்கா அன்னமா என்று ஊர் இன்னும் முடிவு பண்ணாத ஒரு வெள்ளிப் பறவை, பின் சீட்டில் நான்கு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சீட்டாடலாம். உப்பளத்துக் காற்றில் இரும்பு என்று பெயருள்ள எதுவும் இரண்டு மழைக்கு மேல் தாங்காத எங்கள் ஊரில் அந்தக் காரின் மேல் ஒரு பொட்டுத் துரு கிடையாது. பத்தொன்பது வயதில் அதன் ஸ்டியரிங்கைப் பிடித்த பலவேசம், முப்பத்தொரு வருஷம் விடிகிற வேளையில் மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொரு நட்டையும் துடைத்து வந்தார். அவருடைய வீட்டுக் கதவின் கீல் துருப்பிடித்து உதிர்ந்து, கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அதைத் துடைக்க அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

முதலாளிக்குக் காரின் மேல் ஆசை போய்விட்டிருந்தது, அது பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது, மகன்மார் குட்டிக் கார் கேட்டார்கள். விற்றால் ஆதிலிங்கம் நொடிந்துவிட்டான் என்று உப்பு வியாபாரிகள் பேசுவார்கள், கொடுத்தால் வள்ளல் என்று மாலை போடுவார்கள். ஆகவே கொடுத்தார்.

வாங்கிக்கொண்டவர் இல்லத்தின் செயலாளர் தெய்வநாயகம். பத்திரப் பதிவு ஆபீசில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர், பத்திரம் எழுதாமல் பல்குச்சியைக்கூட வாங்க மாட்டார். காரைத் தானம் கொடுக்க என்ன வாசகம் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் வழக்கமும் இல்லாததால், நிலத்தைத் தானம் கொடுக்கிற வாசகத்தையே எடுத்து, நிலம் என்று வருகிற இடத்தில் எல்லாம் கார் என்று போட்டுக்கொண்டார். ஷாமியானாவுக்குக் கீழே மாவட்டத்துப் பெரிய மனிதர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க, முதலாளியின் சம்சாரம் செம்பைச் சரிக்க, முதலாளியின் உள்ளங்கையில் இருந்த மாற்றுச் சாவியை நனைத்துக்கொண்டு தண்ணீர் செயலாளரின் கையில் விழுந்தது. அந்த நேரத்தில் தெய்வநாயகம் கணீரென்று வாசித்தார்: "மேற்படி காரையும், அதில் கீழ்நோக்கிய கிணறு, மேல்நோக்கிய மரம், நிதி நிட்சேபங்கள், இருப்பன, இயங்குவன உள்பட சகல பாத்தியதைகளையும் இன்று முதல் என்றென்றைக்குமாக..."

கிணறும் மரமும் காரில் இல்லை, ஆனால் பலவேசம் இருந்தார். பேட்டரி வீக், எஞ்சினை அணைத்தால் பெரிய மனிதர்கள் முன்னால் தள்ள வேண்டி வரும், ஆகவே ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திரு என்று முதலாளிதான் சொல்லியிருந்தார்.

மாலை, போட்டோ, கேசரி எல்லாம் முடிந்த பிறகு பலவேசம் எஞ்சினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வலது காலைத் தரையில் வைத்தார். வைத்த கால் பிரேக்கின் மேல் இருந்தது. மறுபடியும் எடுத்துத் தரையில் வைத்தார், மறுபடியும் பிரேக்கின் மேல் இருந்தது. அவர் கூச்சல் எதுவும் போடவில்லை, கேசரித் தட்டோடு போய்க்கொண்டிருந்த சமையல்காரரைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, கொஞ்சம் கையப் புடிச்சு வெளிய இழுங்க, காலு மரத்துப் போச்சு போல" என்றார்.

சமையல்காரர் இழுத்தார். பிறகு துறைமுகத்தில் உரமூட்டை தூக்குகிற நான்கு பேர் வந்து இழுத்தார்கள், கார்தான் அவர்கள் பக்கமாக நகர்ந்தது. டாக்டர் வந்து நாடி பார்த்து, நாடி நன்றாக இருக்கிறது, எஞ்சின் ஓடும்போது இன்னும் நன்றாக இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளில் இருந்து பலவேசத்துக்குச் சோறு தேவைப்படவில்லை, பெட்ரோல் போட்டால் பசி அடங்கியது, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் தொண்டை வறண்டது. தாடி வளர்வது நின்றுவிட்டதில் சவரக்காரருக்குத்தான் மனத்தாங்கல்.

ஊர் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தது, இரண்டாம் வாரம் பழகிக்கொண்டது. எதற்கும் பழகுகிற ஊர் எங்களுடையது. ரேஷன் கார்டில் அவர் பெயரை அடித்துவிட்டு இல்லத்துக் கணக்கில் சேர்த்தார்கள், வாக்காளர் பட்டியல் திருத்த வந்த வாத்தியார் வீட்டு எண் என்ற இடத்தில் காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். கோயிலுக்குக் கன்றுக்குட்டி விடுகிறவர்கள் அதன் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றினார்கள். சைக்கிள் தானம் கொடுத்த ஒருவர் கேரியரில் இருந்த சாப்பாட்டுத் தூக்கைத் திரும்பக் கேட்டு, தெய்வநாயகம் தரமாட்டேன் என்று சொல்லி, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனது. தானம் கொடுக்கிற எதிலும் சாய்ந்து நிற்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். எல்லாம் செய்தோம், பலவேசத்தை வெளியே எடுக்க வேண்டும் என்பது மட்டும் மெல்ல எங்களுக்கு மறந்துபோனது.

அவருடைய பெண்டாட்டி செல்லக்கனிக்கு மறக்கவில்லை. நேராக முதலாளி வீட்டுக்குப் போனாள்.

"மொதலாளி, கொடுத்தத நீங்களே திருப்பி வாங்கிட்டீங்கன்னா அவுக எறங்கிருவாக. காரு வேணும்னா மறுநாளே வேற யாருக்கும் குடுங்க. ஒரு நாளைக்கு வாங்குங்க போதும்."

முதலாளி இளநீரைக் கீழே வைத்துவிட்டு, மிகுந்த வருத்தத்தோடுதான் பேசினார். "செல்லக்கனி, நீ தெரியாமப் பேசுத. தானம் குடுத்ததத் திருப்பி வாங்குனா ஏழு தலைமொறைக்கும் எங்க வீட்ல புழுவாப் பொறப்பாங்க. பலவேசத்துக்காக எம் பேரம்பேத்திய நான் புழுவாக்க முடியுமா? நீயே சொல்லு."

முதலாளியின் சம்சாரம் ஒரு சேலை கொடுத்தாள், கொடுக்கிறதுக்கு முன்னால் உதறி, மடிப்பில் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். வாசலில் புது அம்பாசடரை ஒரு புது டிரைவர் துடைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது தெய்வநாயகம். இல்லத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவரின் காலடியில் செல்லக்கனி விழுந்தாள்.

"ஐயா, காரு உங்களுக்கே இருக்கட்டும். அவுகள மட்டும் எனக்குத் தண்ணி ஊத்திக் குடுத்திருங்க."

"எந்திரிம்மா. இது தானம் வாங்குற நிறுவனம். தானம் குடுக்க எங்க விதியில எடமே இல்ல." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ கேடு என்று பதிவு ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். "ஒன்னு கேக்கேன், பதில் சொல்லு. ஒங்கப்பா ஒன்னயத் தாரை வாத்து யாருக்குக் குடுத்தாரு?"

"அவுகளுக்குத்தான்."

"அவரு இப்ப யாரச் சேந்தவரு?"

"காரச் சேந்தவரு."

"காரு?"

செல்லக்கனி இல்லத்துக் கட்டிடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ஆக, நீயும் சகல பாத்தியதையில வந்துருத. நான் சொல்லல, பத்திரம் சொல்லுது. அடுப்படியில ஆள் குறைவா இருக்கு. நாளைக்கு வெள்ளனே வந்துரு."

அவள் அழுவாள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவளோ, இழந்த பொருள் கிடைத்த மாதிரி முகம் தெளிந்து எழுந்தாள். அவரோடு தன்னையும் சேர்த்து எழுதியிருக்கிறது என்றால் அவரை விட்டுத் தன்னைப் பிரிக்க முடியாது என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டாள். எட்டு மாதம் தொண்ணூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்தாள். வடித்து முடித்துப் புகை நாற்றத்தோடு கார் ஜன்னலில் வந்து நின்று, அவர் தொப்பியைக் கழற்றி, வேர்த்திருக்காத தலையைத் துடைத்துவிடுவாள்.

"சூடா இருக்கா?" என்று கேட்பாள்.

"வெயில்ல நிறுத்திட்டானுவ. அந்த வேப்ப மரத்தடியில விடச் சொல்லு, பெயின்ட் வெளிறிரும்" என்பார்.

கல்யாண வீடுகளுக்கு இல்லம் காரை வாடகைக்கு விட்டது. பலவேசம் ஓட்டினார். வெள்ளிப் பறவைக்கு மல்லிகைப்பூச் சுற்றி, ஊரான் வீட்டுப் பெண்களை எல்லாம் மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கினார், அவர்கள் இறங்கும்போது அவர்களுடைய கால் தரையில் பட்டுத் தரையிலேயே இருப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் பெண் இருந்தாள். புஷ்பகலா, பத்தொன்பது வயது, ஐஸ் பேக்டரி மெக்கானிக் லிங்கதுரைக்குப் பேசி வைத்திருந்தது.

பேசி வைத்தது அங்கேயே நின்றது. லிங்கதுரையின் அம்மா கெட்டவள் இல்லை, பயந்தவள். "மதினி, பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா நாளைக்கு அந்தச் செயலாளரு பத்திரத்தத் தூக்கிட்டு வந்து, எங்க வீட்டு மருமகளும் இல்லத்து சொத்து, அவ பெக்குற பிள்ளையும் இல்லத்து சொத்துன்னு நின்னா நாங்க எங்க போவோம்? பொண்ணோட அப்பா கையால, தண்ணி கீழ விழுற மாதிரி தாரை வாத்துக் குடுத்துருங்க. பொண்ண விட்டுட்டாங்கன்னு ஊரே பாக்கட்டும். அப்புறம் ஒரு பேச்சும் இல்ல."

"தாய்மாமன் ஊத்தலாமா?" என்று யாரோ கேட்டதற்கு, யாருக்குப் பாத்தியதையோ அவர்தான் ஊற்ற வேண்டும் என்று தெய்வநாயகம் சொன்னார். கல்யாணம் செய்து வைக்கிற ஐயரும் தலையாட்டினார். ஐப்பசியில் நாள் குறித்தார்கள்.

அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால், பெங்களூரில் பழைய கார்களைச் சேர்த்து வைத்திருக்கிற ஒரு பணக்காரர் வந்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்து பெயின்டைச் சுரண்டிப் பார்த்தார், சீட்டை அமுக்கிப் பார்த்தார், பலவேசத்தின் தோளையும் அமுக்கிப் பார்த்தார், தொப்பியைத் தூக்கி உள்ளே இருந்த தையலைப் பார்த்தார். "எல்லாமே ஒரிஜினல்" என்று அவர் மூச்சு வாங்கினார். பழைய கார் எத்தனையோ பேரிடம் இருக்கிறது, முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டின அதே டிரைவரோடு யாரிடமும் இல்லை. பேரம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

"வெளியே குடுக்க விதியில எடமில்லன்னீங்களே?" என்று செல்லக்கனி அடுப்படியில் இருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

"குடுக்கத்தாம்மா எடமில்ல. விக்க எடம் இருக்கு" என்றார் தெய்வநாயகம்.

காரை ஏற்றிப் போக லாரி வந்தது. பலவேசம் ஸ்டியரிங்கைப் பிடித்து, முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக, சொன்ன பேச்சைக் கேட்காமல் பிரேக்கை மிதித்தார். நான்கு சக்கரமும் பாறையாக நின்றன, இழுத்த இரும்புக் கயிறு இரண்டு தடவை அறுந்தது. கையை எடுக்கச் சொல்லலாம், காலை எடுக்கச் சொல்லலாம், எடுக்க வைக்க முடியாது. லாரி வாசலிலேயே நின்றது, பெங்களூர்க்காரர் ஓட்டலில் தங்கினார், பலவேசம் பிரேக்கில் இருந்து காலை எடுக்காமலே மகளின் கல்யாண நாள் விடிந்தது.

இல்லத்து முற்றத்தில் காரை ஒட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். பலவேசத்தின் தொப்பிக்கு மேலேயே பெண்ணின் தகப்பனுக்குரிய தலைப்பாகையைச் சுற்றியிருந்தார்கள். முகூர்த்தம் எட்டரைக்குள். அவர் ஜன்னல் வழியாக இரண்டு கையையும் நீட்டினார், அவருடைய கைக்குள் புஷ்பகலாவின் கை, அதற்குக் கீழே லிங்கதுரையின் கை. செல்லக்கனி செம்பைச் சரித்தாள்.

தண்ணீர் விழவில்லை. பலவேசத்தின் உள்ளங்கையில் நுங்கு மாதிரித் திரண்டு நின்றது. செல்லக்கனி இன்னும் ஊற்றினாள், நுங்கு பெரிதானது, ஒரு சொட்டு விளிம்பைத் தாண்டவில்லை. கையைக் கவிழ்த்தார், தண்ணீர் கையோடு ஒட்டிக்கொண்டு கவிழ்ந்து தொங்கியது. தனக்கென்று எதுவும் இல்லாதவன் எதைக் கொடுப்பான் என்று தண்ணீருக்குத் தெரிந்திருந்தது. லிங்கதுரையின் அம்மா மெதுவாக மகனுடைய கையை விலக்கிக்கொண்டாள்.

தெய்வநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து காருக்குப் பக்கத்தில் வந்தார்.

"பலவேசம், மணி எட்டு பத்து. ஒம் பொண்ணு மேல பாத்தியதை இல்லத்துக்குத்தான்னு தண்ணியே சொல்லிட்டுது. இல்லத்து சார்பா நான் ஊத்துதேன். ஒரு சொட்டு பாக்கி இல்லாம விட்டுருதேன். நீ பிரேக்குல இருந்து கால எடுத்துரு."

"விதியில குடுக்க எடமில்லன்னு சொன்னியளே ஐயா" என்றார் பலவேசம்.

"ஒரு நல்ல காரியத்துக்கு விதிய வளைச்சுக்கிடலாம்."

பலவேசம் மகளைப் பார்த்தார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். அவர் கால் அசையவில்லை. நாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம், சமையல் கட்டில் சாம்பார் கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது, எட்டரைக்கு மேல் ஆனால் சாப்பாடும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

செல்லக்கனிதான் ஜன்னலில் குனிந்தாள். "எடுத்துருங்க. நான் துணிமணியெல்லாம் நேத்தே பையில வச்சுட்டேன். உங்க துண்டும் வச்சுருக்கேன். எங்கப்பா என்னயத் தண்ணி ஊத்திக் குடுத்தது சும்மாவா? வண்டி பெங்களூருக்குப் போனா உங்க கால் மாதிரி எங்காலும் தானா வந்துட்டுப் போவுது. பிள்ளையக் கரையேத்திருவோம். நாம ரெண்டு பேரும் சேந்தேதான் இருப்போம்."

"வழியில வெயிலு அதிகமா இருக்கும்டி" என்றார் பலவேசம்.

"பாத்துக்கிடலாம்."

பலவேசம் பிரேக்கில் இருந்து காலை எடுத்தார். கார் ஒரு சாண் முன்னால் உருண்டு நின்றது.

தெய்வநாயகம் கையை நீட்டினார், செல்லக்கனி ஊற்றினாள், தண்ணீர் அவர் விரல் இடுக்கு வழியாக ஓடிப் புஷ்பகலாவின் கையை நனைத்து லிங்கதுரையின் கையில் விழுந்து மண்ணில் சொட்டியது. மேளம் கொட்டியது. போட்டோக்காரர் செயலாளரை இரண்டு தடவை நிற்க வைத்து எடுத்தார், ஏழைப் பெண்ணுக்கு இல்லம் நடத்தி வைத்த இலவசத் திருமணம் என்று மறுநாள் பேப்பரில் வந்தது. புஷ்பகலா அப்பாவின் முகத்தைத் தொடப் போனாள், பந்தியில் உட்கார நேரமாகிறது என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் இரண்டாம் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோது லாரியில் காரை ஏற்றி, மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள்.

செல்லக்கனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காலிச் செம்பில் பலவேசத்தின் தொண்டைக்காக ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, லாரிக்குப் பின்னால் வந்து நின்றாள். லாரிக்காரர் ஏறச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. லாரி கிளம்பியது. தார்ப்பாயின் கிழிசலில் பலவேசத்தின் ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருந்தது, உள்ளங்கையில் அந்தத் தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது, ஸ்பீடு பிரேக்கரில் லாரி தூக்கிப் போட்டபோதும் சிந்தவில்லை. அவள் தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். லாரி உப்பு ரோட்டு முக்கில் திரும்பியது. அவள் காத்திருந்தாள். வலது காலைத் தூக்கித் தரையில் வைத்தாள், வைத்த இடத்திலேயே இருந்தது.

அப்போது ஓடினாள். ஓடின தூரம் கொஞ்சம்தான், லாரி என்பது லாரிதான். புழுதி அடங்கின பிறகு திரும்பி நடந்து வந்தவளைப் பார்த்துத் தெய்வநாயகம் வாசலில் நின்றபடி, "அப்ப நீ இதுல சேத்தி இல்ல போலருக்கு" என்றார். "இத்தன நாளு தப்பா நெனச்சுட்டோம். பரவாயில்ல, நாளைக்கும் அடுப்படிக்கு வந்துரு, பாத்துக்கிடலாம்."

அவள் முகம் எல்லாம் புழுதி. கழுவுவதற்காகச் செம்பை இடது கையில் சரித்து வலது கையை ஏந்தினாள். தண்ணீர் அவள் உள்ளங்கையில் நிற்காமல், விரல் இடுக்கு வழியாகச் சளசளவென்று மண்ணில் விழுந்தது.

கை கழுவ வந்து நின்ற லிங்கதுரையின் அம்மா அதைப் பார்த்தாள். பார்த்ததும் வாயில் அடித்துக்கொண்டாள். "ஐயோ மதினி, உங்க கையில விழுதே! நீங்களே கைய நீட்டித் தாரை வாத்திருக்கலாமே! நீங்க குடுத்திருந்தாலே போதுமே!"

செல்லக்கனி செம்புக்குள் எட்டிப் பார்த்தாள். மிச்சம் இருந்ததையும் கையில் ஊற்றினாள், அதுவும் விழுந்தது. குழாயடிக்குப் போய் இன்னொரு செம்பு பிடித்தாள்.

நாங்கள் எச்சில் கையோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். அவள் குழாயை விடுகிற மாதிரித் தெரியவில்லை.